கடவுச்சொல் யாருடையது?

என் தோழிக்குப் பார்வை இல்லை. புதுக்கோட்டையில் ஒரே விடுதியில் தங்கிப் படித்தோம். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை வைத்து என்னைவிட வேகமாக வேலை செய்வாள். ஆனால் உதவித்தொகைத் தளத்திலும் வங்கித் தளத்திலும் உள்ளே நுழைய, படத்தில் நெளிந்து கிடக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். அவற்றை மென்பொருளால் வாசிக்க முடியாது. காதால் கேட்கும் வழியும் வைக்கவில்லை. பெயர் கொடுக்காத பொத்தான்கள் அவளுக்கு வெறும் "பட்டன், பட்டன்" என்றே கேட்கும். என்னைக் கூப்பிடுவாள். நானும் ஆசையாய்ப் போவேன்.

அப்படியே அவளுடைய கடவுச்சொல், ஓடிபி, கணக்கிலுள்ள பணம் எல்லாம் எனக்குத் தெரிந்துபோயின. ஒருநாள், "போன வாரம் ரெண்டாயிரம் எடுத்திருக்கியே, எதுக்குடி?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணன் இப்படிக் கேப்பான்னுதான் உன்கிட்ட வந்தேன்."

என் நோக்கம் நல்லதுதான். ஆனாலும் உதவ வந்தவள் கணக்குக் கேட்பவளாகிவிட்டேன்.

இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு இது புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முயற்சி எடுத்தார். அதற்கு முன் பஸ் ஏறப் போவதற்கும் அப்பாவோ அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அவர்களில் அன்பானவர்களும் உண்டு. ஆனால் கொண்டுபோய் விடுகிறவருக்கு எங்கே, எதற்கு, எப்போது திரும்புவாய் என்று தெரிந்தாக வேண்டும்.

லேடீஸ் சைக்கிள் போதாதபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டினார்கள். அதன் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டார்கள். அந்தத் தடையை அவர்களால் பழகித் தாண்ட முடிந்தது. படத்திலுள்ள எழுத்தை என் தோழி எவ்வளவு முயன்றும் தாண்ட முடியாது. மாற வேண்டியது தளம்தான்.

சில வங்கிகள் ஆளை உறுதிசெய்யக் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லின. அமிலவீச்சில் கண்கள் சிதைந்த பெண்ணால் எப்படிச் சிமிட்ட முடியும்? அப்படிப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் முன்பே இதைக் கேட்டிருந்தது.

அவள் கூப்பிட்டால் இன்றும் போவேன். கூப்பிட அவசியமில்லாத தளம் கேட்டு மனுவும் போட்டிருக்கிறோம். தட்டச்சு செய்தது அவள்தான். அந்த ரெண்டாயிரம் எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.