அஞ்சிய உயிருக்கு இல்லம் எது?



தானங்கள் பலவகைப்படும். அன்னமிடுதல் தானம்; ஆடையளித்தல் தானம்; அறிவூட்டுதல் தானம். இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதும், கையில் காசில்லாதவனும் செய்யத்தக்கதுமாகிய தானம் ஒன்றுண்டு. அதுவே அபயதானம், அதாவது, பிறவுயிருக்கு அச்சமின்மையை அளித்தல். பஞ்சசீலத்தைக் காப்பவன் அளவிறந்த உயிர்கட்கு அச்சமின்மையை வழங்குகிறான் என்றும், அதனால் தானும் அச்சம் நீங்குகிறான் என்றும் அங்குத்தர நிகாயத்தில் பகவன் போதித்திருக்கின்றார். இதனை நாம் பல கூட்டங்களில் எடுத்துரைத்திருக்கிறோம். ஆயினும் இதன் முழுப்பொருளை நமக்குக் கற்பித்தது ஒரு நாய்.

நாம் தங்கவயல் சுரங்க மில்லில் கல்லரைத்துப் பிழைத்தோம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபின் தன்மப் பிரசங்கமே நமது தொழிலாயிற்று. சில ஆண்டுகட்கு முன், ஒரு மழைக்கால மாலையில், சைனைடு மேட்டின் அடிவாரத்துக் கால்வாயில் ஒரு பெண்நாய் ஒடுங்கிக் கிடக்கக் கண்டோம். அதன் கழுத்தில் யாரோ கட்டிய இரும்புக்கம்பி இறுகித் தோலுக்குள் புதைந்திருந்தது. அன்பர் இருவர் துணையோடு அதனைச் சாக்கில் ஏந்தி வந்து, கம்பியை வெட்டி, மருத்துவரிடம் காட்டினோம். ஒரு திங்களில் புண் ஆறிற்று, அச்சம் ஆறவில்லை. யாரேனும் கையை உயர்த்தினால் சிறுநீர் கழித்துவிடும். சோற்றை வைத்துவிட்டு நாம் அப்பால் சென்றாலன்றி உண்ணாது.

அசோகச் சக்கரவர்த்தி தமது இரண்டாம் பாறைச் சாசனத்தில், மனிதர்க்கும் விலங்குகட்குமாக இருவகை மருத்துவம் ஏற்படுத்தியதைக் கூறுமிடத்துச் சோழ, பாண்டிய நாடுகளையும் பெயர் சொல்லிக் குறித்திருக்கின்றார். ஆகவே விலங்கின் புண்ணுக்கு மருந்திடுதல் நமக்குப் புதிய தருமமன்று. ஆனால் அச்சத்துக்கு மருந்து யாது? நல்லதோர் இல்லம் என்று எண்ணினோம். எண்ணம் சரியே. நல்ல இல்லம் எதுவென்று அறியாததே நமது பிழை.

அக்காலை நம் அன்பர் ஒருவர் முன்வந்தார். ராபர்ட்சன்பேட்டையில் விசாலமான வீடு, இரக்கமுள்ள குடும்பம், ஓடியாடும் குழந்தைகள் மூவர், நாள்தோறும் இறைச்சி. இதனினும் மேலான இடம் எங்கே கிடைக்கும்? பௌர்ணமிக் கூட்டத்தில் இச்செய்தியை அறிவித்தோம். சபையோர் சாது! சாது! என்றனர். அவ்வொலி நம் செவிக்கு இனிமையாயிருந்ததை இன்று மறைக்கப் போவதில்லை.

ஒன்பதாம் நாள் கேடு விளைந்தது. கட்டிலின் அடியில் பதுங்கிய நாயைக் கடைக்குட்டிப் பிள்ளை அன்பினால் கைநீட்டித் தடவப் போக, அது கடித்துவிட்டது. காயத்தைச் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று தடுப்பூசி போட்டனர். பிள்ளைக்கு வேறு தீங்கில்லை. திறந்து கிடந்த கதவு வழியே நாய் ஓடிப்போயிற்று. நான்கு நாட்களுக்குப்பின் அதே சைனைடு மேட்டருகே அதனைக் கண்டெடுத்தோம். வீட்டார் "நன்றி கெட்ட நாய்" என்றனர். எமது வாயிலும் அச்சொல் வந்தது.

நன்றி கெட்டது யார்? நாயா? குழந்தையா? இருவருமல்லர். அவ்வீட்டின் அகலத்தைப் பார்த்தோம். நாயின் கண்ணைப் பார்த்தோமில்லை. அதன் வால் கால்களுக்கிடையே ஒடுங்கியதையும், பசியின்றி நாவால் உதட்டை நக்கியதையும், கண்ணின் வெள்ளை தெரிய முகத்தைத் திருப்பியதையும் கண்டும் பொருளறியாதிருந்தோம். "அருகில் வாராதீர்" என்று அது தன்னாலியன்ற மொழியிலெல்லாம் சொல்லிற்று. கேளாதபோதுதான் பல்லால் சொல்லிற்று.

அச்சம் என்பது பிடிவாதமன்று. உடலில் பதிந்த நினைவு. 1924-ஆம் ஆண்டு செப்டம்பரில் ருஷ்யாவின் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் வந்தது. பாவ்லோவ் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுகளில் நீர் ஏற ஏறத் தவித்து, இறுதியில் மீட்கப்பட்டன. உயிர் பிழைத்தவற்றுள் சில, தாம் கற்றிருந்த பழக்கங்களை இழந்தன. பின்னர் ஒரு நாய் தேறிய காலத்து, கதவின் கீழ் சிறிது நீரைக் கசியவிட்டதும் பழைய நடுக்கம் மீண்டது. வெள்ளம் வடிந்துபோயிற்று, நாயினுள்ளே வடியவில்லை. மேலும், 1961-ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் சிலர் வெளியிட்ட ஆராய்ச்சி, பிறந்து பதினான்கு வாரம் வரை மனிதர் பழக்கமின்றி வளர்ந்த குட்டிகள் பிறகு மனிதரை ஏற்றுக்கொள்வது மிக அரிதென்று காட்டிற்று. ஆகவே, அஞ்சும் நாயை நோக்கி "இத்தனை செய்தும் இன்னும் நம்பவில்லையே" எனக் கடிந்து கொள்வது, கால் முறிந்தவனை நோக்கி "இன்னும் ஓடவில்லையே" என்பதை ஒக்கும்.

சிலர் கேட்பர்: மதங்கொண்ட நாளாகிரி யானையைப் பகவன் மைத்திரி ஒன்றினாலேயே அடக்கினாரன்றோ? அன்பிருந்தால் ஒரு நொடியில் ஆகாதோ? சகோதரர்களே, அந்த மைத்திரி எதனையும் திருப்பிக் கேளாத மைத்திரி. நமது அன்போ கைம்மாறு கேட்கிறது. நாய் வாலாட்ட வேண்டும். மடியில் ஏற வேண்டும். விருந்தினர் முன் நம் இரக்கத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். அச்சமுற்ற உயிருக்கு இவ்வாசையும் ஒரு கயிறேயாகும்.

நமக்கு உண்மையை விளக்கியவர் ஒரு மூதாட்டியார். சாம்பியன் ரீப் லைன் வீடொன்றில் வாழ்பவர். மகன் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் வேலைக்குச் சென்று இரவில் திரும்புவார். பகல் முழுதும் வீடு அமைதியாயிருக்கும். நாய்க்கு இடமில்லாமல் நாம் அலைவதைக் கேள்வியுற்று, அவர் தாமே வந்து கூறியதாவது:

"ஐயா, எங்கள் வீட்டுக்காரர் பாறைவெடிப்பில் தப்பி மேலே வந்தவர். அதன்பிறகு வீட்டில் ஒரு தட்டு விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்து கொள்வார். நான் அவரைத் தொட்டு எழுப்பவே மாட்டேன்; தூர நின்று பேர் சொல்வேன். பதினெட்டு வருஷம் அப்படியே குடித்தனம் செய்தேன். இந்த நாயும் இருந்துவிட்டுப் போகட்டும். என்னிடம் வராவிட்டால் என்ன? அது பாட்டுக்கு இருக்கட்டும்."

மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் பாறை வெடிக்க, மேலே வீடுகள் அதிர்ந்த ஊர் நம்முடையது. அச்சத்தோடு எப்படி வாழ்வதென்பதை நம் பெண்கள் பள்ளிக்கூடம் இன்றியே கற்றிருந்தனர். நாமோ பணக்கார வீட்டைத் தேடி அலைந்தோம்.

அவ்வம்மையார் செய்தது சிறிதே. ஒரு மரப்பெட்டியைச் சுவர் மூலையில் கவிழ்த்து, வாயில் வைத்து, அது நாயின் இடம் என்றார். அதனுள் எவர் கையும் நுழையக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் சோறு வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக் கொண்டு பக்கவாட்டில் அமர்ந்து அரிசியில் கல் பொறுக்குவார். வெளிக்கதவுக்கு இரட்டைத் தாழ். தீபாவளியன்று சன்னலைச் சாத்திப் பெட்டிமேல் கம்பளி போர்த்தினார். பேரப்பிள்ளைகள் வந்தால், நாய் தானே வந்தாலன்றி நீங்கள் போகலாகாது என்பது கட்டளை. ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் நாய் பெட்டியை விட்டு வெளியே வந்து, அவருக்கு முதுகைக் காட்டியபடி படுத்து உறங்கிற்று. அம்மையார் நமக்குச் சொல்லியனுப்பிய செய்தி அவ்வளவே. அஞ்சும் உயிர் எவருக்கு முதுகைக் காட்டி உறங்குமோ, அவர் இருக்குமிடமே அதன் இல்லம்.

எல்லா நாய்க்கும் வீடே இல்லமாகுமென்று நாம் கூறவில்லை. ஒரு தெருவிலே பிறந்து, அத்தெருவார் கையால் உண்டு, அச்சமின்றித் திரியும் நாய்க்கு அத்தெருவே இல்லம். இரக்கமென்னும் பேரால் அதனைப் பெயர்த்தெடுப்பது துன்பம். 2023-ஆம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகளும், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்தபின் பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறுகின்றன. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்சநீதிமன்றம், வெறிநோயுள்ளவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, அம்முறையையே ஏற்றது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் முதலிய இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடலாகாதென்றும் ஆணையிட்டது. மனிதக் குழந்தையின் அச்சமும் அச்சமேயாதலின், அதனையும் நாம் எளிதாய் எண்ணலாகாது. நாயொன்றை வளர்க்க எடுப்பவர் அது மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென ஆகஸ்டு ஆணை கூறியது. இது சட்டம் மட்டுமன்று, தன்மமுமாம். பாதியில் கைவிடும் இரக்கம், முதலிலேயே இரங்காமையினும் கொடிது.

மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை இரவில் அவிழ்த்துக் கொண்டுபோனதை நாம் போற்றுகிறோம். பெற்ற தாயால் கைவிடப்பட்டு, பசுவொன்று ஏழு நாள் பாலூட்டக் காக்கப்பட்டவன் அவன். அஞ்சியதன் துன்பம் அவனுக்கு அயலார் கதையன்று. பசுவை அவன் தனக்கென்று அவிழ்க்கவில்லை, பசுவுக்கென்றே அவிழ்த்தான். அவிழ்ப்பவன் கற்க வேண்டிய பாடம் இதுவே.

இறுதியாக ஒன்று. மனிதரை நாயோடு ஒப்பிட நாம் துணியோம். அவ்வொப்புமையை வசைச்சொல்லாகக் கேட்டு நம் முன்னோர் பட்டது போதும். ஆனால் அச்சத்தின் இயல்பு எவ்வுடலிலும் ஒன்றே. தலைமுறை தலைமுறையாய் விரட்டப்பட்ட ஒருவர் நம் விகாரையின் வாயிலில் வந்து நிற்கின்றார். அன்றே அவரை மேடையேற்றிப் பேசச் சொல்கிறோம், பெயரை அறிவிக்கிறோம், மறுவாரம் வாராவிடில் "உறுதியற்றவர்" என்கிறோம். அவருக்கு வேண்டியது பின்வரிசையில் ஓர் இடமும், எவரும் கேள்வி கேளாத சில மாதங்களுமாயிருக்கலாம். அம்மூதாட்டியார் நாய்க்கு அளித்ததை நாம் மனிதர்க்கு அளித்தோமா?

அந்நாய் இன்றும் நலமாயிருக்கிறது. நாம் அவ்வீட்டுக்குச் சென்றால் எழுந்து பெட்டிக்குள் புகுந்துகொள்ளும். கம்பியை வெட்டிய கையை அது அறியாது. அம்மையாரின் குரலையே அறியும். முதலில் இது நமக்கு வருத்தமாயிருந்தது. இப்போது இல்லை. கொடுத்தவனை மறந்து பெற்றவர் நிம்மதியாய் உறங்குவாராயின், அபயதானம் நிறைவேறிற்று என்றறிக.

சகல உயிர்களும் அச்சமின்றி உறங்குக!