கூலி பேசி மண் சுமந்தவர்

திருவாதவூரில் எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா, மதியம் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் கையில் போன்தான். அதில் ஓடுவதும் ஓட்டல் விளையாட்டு. "காலையிலேர்ந்து அடுப்புல நின்னுட்டு இதுலயும் தோசை சுடணுமாக்கா?" என்றேன். "இதுல மாவு புளிக்காது தம்பி. ஒருத்தரும் கணக்குல எழுதிக்கன்னு சொல்ல மாட்டாங்க" என்றார்.

இந்த விளையாட்டுகளின் ஈர்ப்பை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வந்தவர் கேட்டதை வைத்தால் முகம் மலர்கிறது, காசு விழுகிறது, அந்தக் காசில் இன்னொரு அடுப்பு வருகிறது. பெட்டிக்கடைக்குக்கூட முதல் இல்லாதவருக்கு ஒரு ஓட்டலே சொந்தமாகிறது. ஓட்டல்களால் பேர் பெற்ற உடுப்பியிலிருந்தே 2014-ல் 'ஸ்டார் செஃப்' என்ற சமையல் விளையாட்டு வந்தது; எனக்கு அதில் பெருமைதான்.

சங்கடம் விளம்பரத்தில் தொடங்குகிறது. இலவசமாகத் தருகிறவர்கள் விளம்பரத்தில் சம்பாதிப்பதை நான் குறை சொல்லவில்லை. "30 வினாடி பார், காசு இரட்டிப்பு" என்று கேட்டு, நாமும் சம்மதித்துப் பார்த்தால் அது நேர்மையான பேரம். கேட்காமல் நடுவில் வந்து விழுவதுதான் வதை. அன்று அக்காவின் திரையில் நாலு பேர் மேசையில் காத்திருந்தார்கள். ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் நகைக்கடன் விளம்பரம் வந்து மறைத்தது. மூடும் பெருக்கல் குறி ஓரத்தில் கடுகளவு. மாவு ஆட்டித் தடித்த அந்த விரல் அதைத் தொடப்போய் வேறெதையோ தொட, போன் எங்கோ போய் நின்றது. திரும்பி வந்தபோது ஆட்டம் முதலிலிருந்து. நெட்டை அணைத்து வைத்துப் பார்த்தார். விளையாட்டு திறக்கவே மறுத்துவிட்டது.

ஒரு நாளைக்கு 20 விளம்பரம், ஒவ்வொன்றும் 30 வினாடி என்றால் 10 நிமிடம். மாதத்துக்கு 5 மணி நேரம். ஓய்வே அரிதான ஒரு பெண்ணிடமிருந்து போகிற நேரம் இது.

பேரம் என்றதும் எங்கள் ஊரோடு ஒட்டிய ஒரு கதை நினைவுக்கு வருகிறது. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் திருவாதவூர். அவரைப் பாண்டியன் வதைத்தபோது வைகை பெருகியது, வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வேண்டும் என்று உத்தரவானது என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. ஆளில்லாத வந்திக் கிழவிக்காகக் மண் சுமக்கக் கூடை எடுத்த சிவபெருமான், உதிர்ந்த புட்டுதான் கூலி என்று முதலிலேயே பேசிக்கொண்டார். ஆவணி மூலத் திருவிழாவில் மதுரை ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் இன்றும் அதைக் கொண்டாடுகிறோம். எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்தது, கூலி பேசிய அந்த இடம். கொடுப்பது என்ன, கிடைப்பது என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

விளையாட்டு செய்கிறவர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். எத்தனை விளம்பரம் வரும் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். 30 வினாடி என்றால் 30-வது வினாடியில் மூடுங்கள். மூடும் குறியை, மாவு ஆட்டிய விரலும் தொடும் அளவுக்குப் பெரிதாக வையுங்கள்.