கானகமே கந்தனின் முதல் வீதி



எம்பெருமான் முருகன் எழுந்தருளியுள்ள தலங்கள் பலவற்றிலே வானளாவிய கோபுரத்தையும், அகன்ற வீதிகளையும், அலங்கரிக்கப்பட்ட திருவுருவத்தையும் கண்டு மகிழ்கின்றோம். கதிர்காமத்திலே இவையொன்றும் இல்லை. அங்கே கோபுரம் இல்லை. மூலத்தானத்தை மறைத்துத் திரையே தொங்குகின்றது. கப்புறாளைமார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கின்றனர். இத்தனை எளிமையாக வீற்றிருக்கும் பெருமானுக்கு வீதி எங்கே என்று வினவினால், உகந்தைமலையிலே தொடங்கும் காட்டுப் பாதையே அவனது முதல் வீதி என்று விடை சொல்லலாம்.

வடமராட்சியின் தொண்டைமானாற்றிலே உள்ள செல்வச்சந்நிதி ஆலயத்திலிருந்து வைகாசி மாதத்திலே வேல் தாங்கிப் புறப்படும் அடியார்கள், முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாக ஏறக்குறைய ஒன்றரை மாதம் நடந்து உகந்தையை அடைவர். போர்க்காலத்திலே வடக்கிலிருந்தான இந்நடை பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. 2009 இல் போர் ஓய்ந்த பின்னர் அது மீண்டும் கைகூடியது. கிழக்கு மாகாணத்து அடியார்களும் பெருந்தொகையாக உகந்தையிலே வந்து கூடுவர். கதிர்காமத்து ஆடி உற்சவத்தையொட்டிக் காட்டுவழி திறக்கப்பட்டதும், குமண, யால ஆகிய வனங்களினூடாக நான்கைந்து நாள் நடை தொடங்குகின்றது. வாகூரவெட்டை, கூமுனை, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் ஆகியன இவ்வழியின் தங்குமிடங்கள்.

இந்நாட்களில் ஒரு நாளை மட்டும் எடுத்துச் சிந்திப்போம்.

அது கச்சான் காற்று வீசும் கோடை காலம். கிழக்கிலே மழை பெய்து மாதங்கள் பல ஆகியிருக்கும். சூரியன் எழுமுன்பே அடியார்கள் எழுந்து, திருநீறு தரித்து, வேலுக்குத் தீபங்காட்டி நடக்கத் தொடங்குவர். வெயில் ஏறுமுன் எவ்வளவு தூரம் கடக்க முடியுமோ அவ்வளவும் கடந்துவிட வேண்டும். பாதையின் பெரும்பகுதி மணல். இருமருங்கும் முட்பற்றைகள். இடையிடையே பாலை, வீரை மரங்கள். பாலைப்பழம் பழுக்கும் காலமாதலால் கரடியும் அப்பழத்தைத் தேடி அங்கே வரும். யானையின் இலத்தி புதிதாகக் கிடந்தால் முன்னே செல்பவர் கையை உயர்த்துவார். எல்லோரும் நின்றுவிடுவர். அவ்விடத்திலே எவரும் தனியே செல்லத் துணிவதில்லை.

நண்பகலிலே மணல் சுடும். பாதங்களிலே கொப்புளம் எழும். நாவரண்டு போகும். அண்மைக் காலங்களிலே படையினரும் தொண்டர்களும் வழியிலே சில இடங்களிற் குடிநீர் வைத்து உதவுகின்றனர். ஆயினும் முன்னர் ஆற்று மணலைக் கையாற் கிளறி, ஊறிய நீரைச் சீலையில் வடித்துக் குடித்த கதையை மூத்த அடியார்கள் இன்றும் சொல்வார்கள். மருத மரங்கள் நிழல் செய்யும் கூமுனை ஆற்றங்கரையை அடைந்து ஒரு கை நீரை அள்ளும்போது, வீட்டிலே குழாயைத் திறந்து வீணாக்கிய நீரின் அருமை நெஞ்சைத் தொடும்.

அன்பர்களே, இந்த ஒரு நாள் எமக்குப் போதிப்பது யாது?

முதலாவது, சுமை. ஊரிலே கட்டிய மூட்டை உகந்தையிலே கனப்பதில்லை. வியாழையிலேதான் கனக்கும். தேவையென்று எண்ணிச் சுமந்தவற்றுட் பல தேவையற்றவை என்பதைத் தோள்தான் முதலில் அறிகின்றது. அரிசியையும் மாவையும் பிறரோடு பகிர்ந்தவரின் சுமை குறைகின்றது. தமக்கென்று பொத்தி வைத்தவர் அதையே சுமந்து களைக்கின்றார். பற்றை விடுதல் என்று சைவ நூல்கள் கூறுவதை இங்கே உடம்பே படிக்கின்றது.

இரண்டாவது, பெயர். அந்தக் காட்டிலே அதிபரும் இல்லை, முதலாளியும் இல்லை, கூலியாளும் இல்லை. எல்லோரும் “சாமி” தான். “சாமி, கொஞ்சம் தண்ணீர் தாருங்கள்” என்று கேட்பவர் எந்த ஊர், எந்தக் குலம் என்று ஒருவரும் ஆராய்வதில்லை. வேடர் குலத்து வள்ளியைத் தேடிப் பெருமானே வனத்துக்கு வந்தான் என்பதன்றோ எங்கள் நம்பிக்கை? அவன் தேடி வந்த வழியிலே நடந்துவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் ஏற்றத்தாழ்வு பார்ப்பவர் அவ்வழியை நடந்தவராகார்.

மூன்றாவது, ஆணவம். இதுவே நாம் மிகவும் அஞ்ச வேண்டியது. இக்காலத்திலே இளைஞர்கள் பெருமளவிலே இந்நடையிற் சேர்வது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் “நான் மூன்று நாளிலே முடித்துவிட்டேன்” என்று ஒருவர் பெருமை பேசும்போது, காட்டிலே தொலைத்துவிட்டு வர வேண்டிய மலத்தையே அவர் வளர்த்துக்கொண்டு வருகின்றார். கதிர்காமம் ஓட்டப் பந்தயத்தின் எல்லைக் கோடு அன்று. கால் வீங்கிய மூதாட்டி ஒருவர் மரத்தடியிலே அமர்ந்துவிட்டால், அவருக்காக ஒரு மணி நேரம் தாமதிப்பவரே விரைவாகக் கந்தனை அடைகின்றார். அவரைக் கடந்து முன்னே ஓடுபவர் திரையின் முன்னே நின்றாலும் தொலைவிலேதான் நிற்கின்றார்.

மேலும் ஒன்று சொல்ல வேண்டும். கோயில் உள்வீதியிலே எச்சில் இலையை எறிய எமக்கு மனம் வருமா? வராது. அவ்வாறாயின் காட்டிலே பொலித்தீன் பைகளையும் வெற்றுப் போத்தல்களையும் எறிவது எங்ஙனம் தகும்? அவற்றை மானும் யானையும் உண்டு துன்புறுகின்றன. அவை வள்ளியின் வனத்து உயிர்கள். கொண்டு சென்றதைத் திருப்பிக் கொண்டுவருதலும் வழிபாடே. வெறுமையான போத்தல் எவருக்கும் பாரமாகாது.

எல்லோராலும் காட்டுவழி நடக்க இயலாது. முதுமை, நோய், குடும்பப் பொறுப்பு எனப் பல தடைகள் உண்டு. அவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை. எமது கிராமத்தினூடாக யாத்திரிகர் செல்லும்போது ஒரு செம்பு மோர் கொடுப்பவரும், அவர்களின் கால் கழுவ நீர் வார்ப்பவரும் அந்நடையிலே பங்கு கொண்டவரே. வெள்ளிக்கிழமைகளிலே மோட்டார் சைக்கிளை வீட்டிலே விட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்து இக்கோயிலுக்கு நடந்து வாருங்கள். வழியிலே தளர்ந்தவர் எவரேனும் கண்ணிற் பட்டால் அவரோடு சேர்ந்து மெல்ல நடவுங்கள். சரியைத் தொண்டு அவ்விடத்திலேயே தொடங்கிவிடும்.

பல நாள் நடந்து மாணிக்க கங்கையிலே மூழ்கி எழும் அடியவரின் உடம்பு மெலிந்திருக்கும், மூட்டை சிறுத்திருக்கும். “நான்” என்பதும் அவ்வாறே சிறுத்திருக்குமாயின் அந்நடை பலித்தது. அப்பேற்றினை எமது கிராம மக்கள் யாவருக்கும் தந்தருளுமாறு எல்லாம் வல்ல முருகப்பெருமானின் திருவடிகளை இறைஞ்சி அமைகின்றேன்.

கதிர்காமக் கந்தனுக்கு அரோகரா!