கைமாறி வந்த சொல்

"எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்காமல் இப்போது எந்தக் காரியமும் நடப்பதில்லை. நிலத்துக்குப் பத்திரம் வேண்டும். கடனுக்குப் புரோநோட்டு வேண்டும். பிறந்ததற்கும் இறந்ததற்கும்கூடச் சான்றிதழ் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கொடுத்தவனை உலகம் ஏமாளி என்கிறது. வாய் மாற்றிச் சொல்லும், எழுத்து மாற்றிச் சொல்லாது என்பது நம் எல்லாருடைய எண்ணம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி?

இந்தக் கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கத்தோலிக்கத் திருச்சபையின் ஞாபகம் வரும். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு கதை எங்கே பிறந்தது, எத்தனை பேர் வாயில் புகுந்து வந்தது, எப்போது ஏட்டில் ஏறியது என்கிற விஷயங்களில் எனக்குத் தொழில் முறையிலேயே அக்கறை உண்டு. உலகத்தில் மிக அதிகமாக அச்சாகிய புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "புத்தகம் மட்டும் போதாது, வழிவழியாக வந்த பாரம்பரியமும் வேண்டும்" என்று ஒரு சபை பிடிவாதமாகச் சொல்லுகிறது என்றால், அதைக் கொஞ்சம் நின்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இயேசுநாதர் புத்தகம் எழுதவில்லை. எழுதச் சொல்லிச் சீடர்களுக்குக் கட்டளையிட்டதாகவும் சுவிசேஷங்களில் இல்லை. பேசினார், நடந்தார், உடன் உண்டார், மாண்டார். அவர் எழுதியதாகச் சுவிசேஷங்களில் வருவது ஒரே ஓர் இடம். விபசாரக் குற்றம் சாட்டி ஒரு பெண்ணை இழுத்து வருகிறார்கள். கல்லால் அடித்துக் கொல்ல வேண்டும் என்பது சட்டம். அவர் குனிந்து தரையில் விரலால் ஏதோ எழுதுகிறார். உங்களில் குற்றமற்றவன் யாரோ அவன் தொடங்கலாம் என்கிறார். வயதில் மூத்தவர்கள் முதலில் நழுவுகிறார்கள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் போய்விடுகிறார்கள். அவர் தரையில் என்ன எழுதினார் என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை.

இந்தக் கதை யோவான் சுவிசேஷத்தின் 8-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆனால் 4-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வத்திக்கான் கிரேக்கப் பிரதியிலும், சினாய் மலை மடத்திலிருந்து கிடைத்த பிரதியிலும் இது இல்லை! இன்று கிடைக்கும் கிரேக்கப் பிரதிகளில் இது முதலில் தென்படுவது 5-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான். பிற்காலத்துச் சில பிரதிகளில் இதே கதை யோவானை விட்டு லூக்கா சுவிசேஷத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சொந்த வீடு இல்லாமல், கிடைத்த திண்ணையில் படுத்தெழும் வழிப்போக்கனைப்போல இந்தக் கதை அலைந்திருக்கிறது.

ஆனாலும் சாகவில்லை. எழுத்தில் இடம் கிடைக்காத காலத்திலும் எங்கேயோ சிலர் இதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். புனித ஜெரோம் 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் லத்தீன் மொழிபெயர்ப்பைச் செப்பனிட்டபோது இதை விடாமல் சேர்த்துக்கொண்டார். புனித அகஸ்டின் இன்னும் ஒரு படி மேலே போனார். மனைவிமார் இதைக் கேட்டுக் கெட்டுப்போவார்களோ என்று பயந்த சிலர் இந்தப் பகுதியைப் பிரதிகளிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று அவர் சந்தேகப்பட்டார். இன்றைய ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் இது பிற்பாடு சேர்ந்த பகுதி என்றே கருதுகிறார்கள். எது எப்படியானாலும், ஒரு மன்னிப்பின் கதை எழுத்துக்கு வெளியே உயிரோடிருந்து, பிறகு எழுத்துக்குள் வந்தது என்பது மட்டும் நிச்சயம்.

இந்த ஒரு கதையின் சரித்திரம் ஓரளவுக்கு முழுப் புத்தகத்தின் சரித்திரமும்தான். இயேசு சிலுவையில் மாண்டது சுமார் 30-ஆம் ஆண்டில். புதிய ஏற்பாட்டில் மிகப் பழையவை, நம் நாட்டுக் கத்தோலிக்கர்கள் சின்னப்பர் என்று நெடுங்காலம் அழைத்து வந்த பவுலின் கடிதங்கள். அவை சுமார் 50-ஆம் ஆண்டில் தொடங்குகின்றன. மாற்கு சுவிசேஷம் 70-ஐ ஒட்டியது என்பார்கள். யோவான் சுவிசேஷம் அந்த நூற்றாண்டின் இறுதிக்கு வந்துவிடும். அதாவது, சுவிசேஷம் எழுதப்படுவதற்கு முன்பு ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. அந்தத் தலைமுறை ஞானஸ்நானம் பெற்றது, அப்பம் பிட்டது, பிரார்த்தித்தது, அடிபட்டுச் செத்தது. அதற்கு ஆதாரமாக இருந்தது காதால் கேட்ட சொல்தான்.

சரி, எழுதினார்கள். எழுதியவற்றுள் எது வேதம், எது வேதமல்ல என்று யார் சொல்வது? பேதுருவின் பெயரால் ஒரு சுவிசேஷம் இருந்தது. தோமாவின் பெயரால் ஒன்று இருந்தது. 2-ஆம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் பழைய ஏற்பாடு முழுவதையும் தள்ளிவிட்டு, வெட்டிச் சுருக்கிய ஒரு சுவிசேஷமும் பவுலின் பத்துக் கடிதங்களும் போதும் என்றார். இன்று நாம் காணும் 27 நூல்களை மட்டும் அப்படியே பட்டியலாகக் கொடுத்தவர்களில் நமக்குத் தெரிந்த முதல் மனிதர் அலெக்சாந்திரியாவின் ஆயர் அதனாசியுஸ், ஆண்டு 367. பிறகு 393-இல் ஹிப்போவிலும் 397-இல் கார்த்தேஜிலும் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் அந்தப் பட்டியலை ஒப்புக்கொண்டார்கள். பைபிளின் உள்ளே பைபிளின் பொருளடக்கம் இல்லை. இந்த நூல்கள்தாம் வேதம் என்று எந்த வேத வாக்கியமும் எண்ணிச் சொல்லவில்லை. படித்து, பாடி, ஒப்பிட்டுப் பார்த்து, "இது நாங்கள் கேட்ட குரல், இது எங்கள் காதுக்கு அந்நியம்" என்று சொன்னது ஒரு ஜன சமூகம். கத்தோலிக்கர் பாரம்பரியம் என்று சொல்வதன் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

படிப்பறியாதவர்கள் எதை வைத்துக்கொண்டு விசுவாசித்தார்கள் என்று கேட்கலாம். லியோன் நகரத்து ஆயர் இரேனியுஸ் சுமார் 180-இல் இதற்குப் பதில் சொன்னார்: காகிதமும் மையும் இல்லாமலே இரட்சிப்பை நெஞ்சில் எழுதி வைத்திருக்கும் ஜாதியார் பலர் உண்டு என்றார். நம் முத்துக்குளித்துறையும் இதற்குச் சாட்சி. பரதவர்கள் 1536-37-இல் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் வந்த சவேரியார் தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்வித்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கமுள்ள ஜெப, உபதேசப் புத்தகம், பைபிள் அல்ல. தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியதோ 1715-இல், தரங்கம்பாடியில், லுத்தரன் சபையைச் சேர்ந்த சீகன்பால்குவின் கையால். இடையில் ஏறக்குறைய நூற்றெண்பது வருஷம் அந்தக் கடற்கரை ஜனங்கள் அச்சிட்ட வேதப் புத்தகம் இல்லாமலே பிறந்து, மணந்து, ஜெபித்து, மண்ணில் அடங்கினார்கள். அவர்களை அரைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

இவ்வளவு தூரம் பாரம்பரியத்தின் பக்கம் பேசிவிட்டேன். இனி மறுபக்கமும் பேசத்தான் வேண்டும்.

பாரம்பரியம் என்கிற நிழலில் எதுவும் ஒதுங்கலாம். "எங்கள் முன்னோர் அப்படித்தான் செய்தார்கள்" என்ற வாக்கியத்தைச் சொல்லி உலகத்தில் மூடப்பட்ட கதவுகள் கொஞ்சமா? இயேசுவே இதைக் கண்டித்தார். ஒருவன் தன் பொருளைக் கோவிலுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிப் பெற்றோரைக் காப்பாற்றாமல் நழுவலாம். அதற்கும் அன்று ஒரு சம்பிரதாயம் இடம் கொடுத்தது. மனிதனின் சம்பிரதாயத்துக்காகக் கடவுளின் கட்டளையைக் கைவிடுகிறீர்கள் என்று அவர் சாடினார். மார்ட்டின் லுதர் 1517-இல் கிளப்பிய புயலின் நியாயமும் இதுதான். பாவமன்னிப்புச் சீட்டு விற்கப்படுவதைக் கண்ட மனிதர், எழுதப்பட்ட வேதத்தைத் தவிர வேறு இறுதி நீதிபதி இல்லை என்ற முடிவுக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. அதற்குப் பதிலாகத் திரெந்து நகரத்துச் சங்கம் 1546-இல் 73 நூல்களையும் அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் வேதமாக அறிவித்தது; எழுதப்படாத பாரம்பரியத்துக்கும் எழுத்துக்குச் சமமான மரியாதை உண்டு என்றது. லுதரைப் பின்பற்றிய சபைகளின் பைபிளில் 66 நூல்கள்தாம்.

இந்தச் சர்ச்சை கத்தோலிக்கர்களுக்குள்ளேயும் ஓயவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், வெளிப்பாட்டுக்கு இரண்டு ஊற்றுகள் என்று பேசிய ஒரு நகல் 1962 நவம்பரில் விவாதத்துக்கு வந்தது. அதை நிறுத்திவிடலாம் என்று 1,368 பேரும், தொடரலாம் என்று 822 பேரும் வாக்களித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைந்ததால் விதிப்படி விவாதம் தொடர வேண்டும். பாப்பரசர் 23-ஆம் யோவான் தலையிட்டு நகலைத் திரும்ப எழுதச் சொன்னார். மூன்று வருஷம் கழித்து, 1965 நவம்பர் 18-இல், 2,344 வாக்குகள் ஆதரவாகவும் 6 மட்டும் எதிராகவும் புதிய ஏடு நிறைவேறியது. வேதமும் பாரம்பரியமும் ஒரே தெய்வீக ஊற்றிலிருந்து பெருகுகின்றன என்கிறது அது. போதிக்கும் அதிகாரம் இறைவாக்குக்கு மேலே நிற்பதல்ல, அதற்குத் தொண்டு செய்வது என்றும் சொல்லுகிறது. வார்த்தை நன்றாயிருக்கிறது. ஆனால் தொண்டன் எஜமானனாகிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் ஒரு லத்தீன் சொல் என்னைச் சிந்திக்க வைத்தது. பாரம்பரியம் என்பதற்கு அவர்கள் வழங்கும் 'திராதிசியோ' என்ற சொல்லுக்கு வேர், 'கையில் ஒப்படைத்தல்'. காட்டிக் கொடுப்பதற்கும் அதே வேர்தான்! பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், தான் பெற்றதை அவர்களுக்கு ஒப்படைத்ததாகவும், இயேசு ஒப்படைக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்ததாகவும் ஒரே மூச்சில் சொல்லுகிறார். இரண்டு இடத்திலும் ஒரே வினை. கிரேக்கத்திலும் அப்படி, லத்தீனிலும் அப்படி. 303-இல் தியோக்கிளேசியன் சக்கரவர்த்தி வேத நூல்களை எரிக்கக் கட்டளையிட்டபோது, பயந்துபோய் நூல்களை அதிகாரிகள் கையில் கொடுத்தவர்களைச் சபை 'திராதித்தோரேஸ்' என்று அழைத்தது. ஒப்படைத்தவர்கள், அதாவது துரோகிகள்.

பிள்ளையின் கையில் கொடுப்பதும் ஒப்படைப்புத்தான். பகைவன் கையில் கொடுப்பதும் ஒப்படைப்புத்தான். செய்கை ஒன்று. எது விசுவாசம், எது துரோகம் என்று எதைக் கொண்டு அளப்பது?

எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். கைமாற்றுகிறவன் தனக்கு எதிரான சாட்சியையும் சேர்த்துக் கைமாற்றுகிறானா என்று பார்க்க வேண்டும்.

பேதுரு இயேசுவை மறுதலித்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காய நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். ஒரு வேலைக்காரப் பெண் கேட்கிறாள். சபையின் தலைமைச் சீடர், அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று முறை சொல்லுகிறார். ரோமாபுரித் திருச்சபை தன் முதல் தலைவராகப் போற்றுவது இவரைத்தான். இதை அமுக்கிவிட எவ்வளவு காரணம் இருந்தது! எழுத்தில் ஏறுவதற்கு முன் ஒரு தலைமுறைக் காலம் அவகாசமும் இருந்தது. அமுக்கவில்லை. நான்கு சுவிசேஷங்களும் ஒரு வாக்காகச் சொல்லுகின்றன. இந்தக் கதை முதலில் பேதுருவின் வாயிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். தலைவன் தன் வெட்கத்தைத் தானே சொல்லி ஒப்படைத்தான்; கேட்டவர்கள் அதைக் குறைக்காமல் ஒப்படைத்தார்கள்.

இதற்கு நேர் எதிரானதும் அதே சபையின் சரித்திரத்தில் உண்டு. கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி மேற்கு நாடுகளின் ஆட்சியையே போப்பாண்டவருக்கு எழுதி வைத்ததாக ஒரு சாசனம் இருந்தது. பல நூற்றாண்டுகள் அதை நம்பினார்கள். 1440-இல் லோரென்ஸோ வல்லா என்ற அறிஞர், அதிலுள்ள லத்தீன் கான்ஸ்டன்டைன் காலத்து லத்தீனே அல்ல என்று காட்டி, அது போலி என நிரூபித்தார். பாருங்கள், அதுவும் எழுத்துத்தான்! வாய்ச்சொல்லாக அலைந்த பெண்ணின் கதை, கல்லெடுத்த மூத்தவர்களைத் தலைகுனிய வைத்தது. எழுத்தாகப் பெட்டியில் இருந்த சாசனம், வைத்திருந்தவர்களுக்கு ராஜ்யம் கேட்டது. ஆகவே எழுத்தா, வாய்ச்சொல்லா என்பதல்ல விஷயம். அது யாருக்கு லாபம், யாரைச் சுடுகிறது என்பதே விஷயம்.

இந்த அளவுகோல் பூரணமானது என்று நான் சொல்லவில்லை. தன்னைச் சுடுவதெல்லாம் சத்தியம் ஆகிவிடாது. ஆனால் தன்னை ஒருநாளும் சுடாத பாரம்பரியத்தைச் சந்தேகிக்க எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். பழைய தமிழில் 'கேள்வி' என்றால் பெரியவர்களிடம் கேட்டறிந்த ஞானம். இன்று அது திருப்பிக் கேட்கும் வினாவுக்கும் பெயர். இரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது நமக்கு நல்லதுதான். கேட்டு வைத்துக்கொள்கிறவன், திருப்பிக் கேட்கவும் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

இது திருச்சபைக்கு மட்டுமா? நம் வீடுகளிலும் தாத்தாக்களின் கதைகள் கைமாறி வருகின்றன. அவர் கோவில் கட்டியதையும், அன்னதானம் செய்ததையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். தம்பியின் பங்கை அவர் எழுதி வாங்கிக்கொண்டதையும், படியேறி வந்த விதவைத் தங்கையைத் திருப்பி அனுப்பியதையும் சொல்லுகிறோமா? சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று பயப்படுகிறோம். தங்கள் தலைவர் நெருப்போரத்தில் ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு முன்னால் நடுங்கியதை மறைக்காமல் சொல்லியே ஒரு சபை இரண்டாயிரம் வருஷம் வாழ்ந்திருக்கிறது. நம் குடும்பங்களும் வாழும்.