எட்டாவது காரணம்

"அவர் என்ன பாவம் பண்ணினார், சிஸ்டர்?" இதய நோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் இந்தக் கேள்விதான். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தாயிற்று. வெளியே வந்த டாக்டரும் சிரித்த முகமாகத்தான் போனார். ராத்திரியில் பி.பி. இறங்கும், கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும். பக்கத்துக் கட்டில்காரரோ காலையில் இட்லி கேட்பார்.

மாரடைப்பு வந்த 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இதயம் ரத்தத்தைத் தள்ளமுடியாமல் இப்படி ஆகிறது. அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அந்த மாதத்தைத் தாண்டுவதில்லை. எங்கள் நம்பிக்கையெல்லாம் இதயத்துக்குத் துணையாக வைக்கும் பலூன் பம்ப் மேல்தான் இருந்தது. ஜெர்மனியில் 600 நோயாளிகளிடம் அதைச் சோதித்து, 2012இல் முடிவைச் சொன்னார்கள்: வைத்தாலும் வைக்காவிட்டாலும் 30 நாள் மரணக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மருத்துவம் தன் நம்பிக்கையையே இப்படி உரசிப் பார்க்கிறது. பாவம் என்று கேட்பவர்கள் நம்பும் கர்மாவை யார் உரசிப் பார்த்தார்கள்?

வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு மறுநாள் வந்த ஓர் அம்மாளுக்கு இதயத்தின் நடுச்சுவர் கிழிந்துபோனது. தாமதித்து வருகிறவர்களுக்கும் வயதான பெண்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். சர்க்கரை இருந்தால் சிலருக்கு வலியே தெரியாது. ஊரின் கடைசி பஸ் போய்விட்டதால் வரும் தாமதத்தைக்கூட முற்பிறவிக் கணக்கில் எழுதுவதா?

கர்மாவைப் போதித்த புத்தரே அப்படி எழுதவில்லை. அனுபவிப்பதெல்லாம் முன்வினைதானா என்று மோலிய சீவகர் கேட்டதாகச் சம்யுத்த நிகாயத்தில் வருகிறது. பித்தம், கபம், வாதம், இவற்றின் சேர்க்கை, பருவமாற்றம், பேணாத நடத்தை, வெளியிலிருந்து வரும் தாக்குதல் என்று ஏழு காரணங்களைச் சொல்லிவிட்டு, எட்டாவதாகத்தான் வினைக்கு வருகிறார். எல்லாமே வினை என்பவர்கள் தாங்கள் அறிந்ததைத் தாண்டிப் பேசுகிறார்கள் என்றும் சொல்கிறார்.

நாமோ முதல் ஏழு காரணங்களையும் விட்டுவிட்டு எட்டாவதில் போய் நிற்கிறோம். வெள்ளைக் கோட்டுக்காரர்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அவர்கள் நிற்பது ஆறாவதில், பேணாத நடத்தையில். "பீடியை விடச் சொன்னேனே" என்று மூச்சுக்குத் திணறுகிறவரிடம் சொல்வார்கள். உண்மைதான், பீடி ஒரு காரணம். ஆனால் அந்த நேரத்தில் அதுவும் பாவக்கணக்குதான். "பாவமெல்லாம் இல்லைம்மா, அடைப்பு பெரிசு, வந்ததும் லேட்டு" என்பேன். முழுப் பதில் இல்லைதான். கேள்வி கேட்ட அம்மாவுக்கும் அது தெரியும்.