ஈஸ்ட் தின்ற தலைமுறை

பழைய அமெரிக்க வார இதழ்கள் கையில் கிடைத்தால் நான் கட்டுரைகளை விட்டுவிட்டு விளம்பரங்களைத்தான் வாசிப்பேன். அதிலும் 1920களில் வந்த ஃப்ளைஷ்மன் ஈஸ்ட் விளம்பரங்களுக்கு ஈடு கிடையாது. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற அதே ஈஸ்ட், தகடு சுற்றிய சின்னக் கட்டியாக. தினமும் இரண்டு மூன்று கட்டிகளை அப்படியே மென்றோ தண்ணீரில் கரைத்தோ சாப்பிடச் சொன்னார்கள். மலச்சிக்கல் தீரும், முகப்பரு மறையும், சோர்வு ஓடிவிடும் என்றார்கள். சாட்சி சொல்ல ஐரோப்பிய மருத்துவரின் படம். அமெரிக்க மருத்துவர்கள் விளம்பரத்தில் தலைகாட்ட அவர்கள் சங்கம் விடவில்லை.

விஷயம் இதுதான்: கடை ரொட்டி பெருகியதால் வீட்டில் ரொட்டி சுடுவது குறைந்து, ஈஸ்ட் வியாபாரம் படுத்துவிட்டது. 1912இல் காசிமிர் ஃபங்க் பெயர் சூட்டிய வைட்டமின் அப்போது புதுச் சரக்கு. ஈஸ்ட்டில் பி வைட்டமின் இருப்பதும் மெய். அந்த ஒரு மெய்யை வைத்தே மற்ற எல்லாவற்றையும் விற்றார்கள். உயிருள்ள ஈஸ்ட், குடலுக்குள் போனதும் அங்குள்ள தயாமின் என்ற பி வைட்டமினைத் தானே எடுத்துக்கொள்கிறது என்று 1940களின் ஆய்வுகள் காட்டின. காசு கொடுத்து வாங்கியவர் உள்ளதையும் இழந்தார்!

ஈஸ்ட் விளம்பரங்களுக்கு முன்பே சி. டபிள்யூ. போஸ்ட், தன் கிரேப்-நட்ஸ் தானிய உணவு குடல்வால் அழற்சியைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்தவர். 1914இல் அவருக்கே அந்த நோய் வந்து, கலிஃபோர்னியாவிலிருந்து ரயிலேறி மின்னசோட்டா வரை போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

சிரிக்கலாம். ஆனால் அந்த ஈஸ்ட் புளுகைவிட அது குறிவைத்த இடம்தான் என்னை உறுத்துகிறது. மத்தியானம் மூன்று மணிக்குக் கண் சொக்குவதற்குப் பெரும்பாலும் வேலைப்பளுவும் தூக்கக் குறைவும்தான் காரணம். அதை ஒத்துக்கொண்டால் விற்க ஒன்றுமில்லையே. அதனால் உடம்பில் ஏதோ குறை என்றார்கள். முதலாளியிடம் ஓய்வு கேட்டிருக்க வேண்டிய குமாஸ்தா, கடையில் போய் ஈஸ்ட் கேட்டார். இன்று டப்பாவில் புரதப் பொடி வருகிறது. அயர்வுக்குக் காரணம் மட்டும் மாறவில்லை.

எந்த டப்பாவாவது உங்களிடம் ஒரு குறை இருப்பதாகச் சொன்னால், அந்த டப்பாவைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குறை இருந்ததா என்று யோசியுங்கள். சோர்வுதான் குறை என்றால், முதலில் ஒரு வாரம் நன்றாகத் தூங்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தீராவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.