ஆயுசு கேட்கிறோம், எதற்கென்று கேட்கிறோமா?

போன மாதம் எங்கள் சபையில் நடந்த ஒரு காரியத்தின் மூலமாகக் கர்த்தர் என்னோடு இடைப்பட்டார். வெட்கமாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருக்கடையூர். பேரைச் சொன்னாலே "அறுபதாம் கல்யாணம் நடக்கிற ஊரா?" என்று கேட்பார்கள். ஆம், அதே ஊர்தான். 60 வயது நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி, 70-ல் பீமரத சாந்தி, 80-ல் சதாபிஷேகம். விடியுமுன்னே வேன்களில் வந்து இறங்குகிறார்கள். தாத்தாவும் பாட்டியும் மாலையும் கழுத்துமாக நிற்க, பேரப்பிள்ளைகள் சுற்றிலும் நின்று சிரிக்கிறார்கள். மார்க்கண்டேயன் எமனுக்குத் தப்பின இடம் என்ற நம்பிக்கையில் ஆயுசு வேண்டி வருகிறவர்கள் அவர்கள். நான் அதைப் பார்த்துப் பரிகாசம் பண்ணுகிறதில்லை. விசுவாசிகளையும் பண்ண விடுகிறதில்லை. ஆயுசின்மேல் ஆசை எல்லாருக்கும் உண்டு. சபைக்கு வருகிற நாமும் அதைத்தானே கேட்கிறோம்? "பாஸ்டர், சுகர் குறைய ஜெபம் பண்ணுங்க. ஹார்ட்டுக்கு ஜெபம் பண்ணுங்க." பண்ணுகிறோம். கர்த்தரும் சுகம் தருகிறார். ஸ்தோத்திரம்!

ஆனால் தேவபிள்ளையே, கொடுத்த ஆயுசு எதற்கு என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

எசேக்கியா ராஜா சுவர்ப்புறமாய்த் திரும்பி அழுதான். கர்த்தர் அவன் நாட்களோடே 15 வருஷம் கூட்டினார் (ஏசாயா 38:5). அடுத்த அதிகாரத்தில் அவன் என்ன செய்தான்? பாபிலோனிலிருந்து வந்த ஸ்தானாபதிகளுக்குத் தன் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். கேட்ட ஆயுசு கிடைத்தது. அது எதற்கு என்பதை அவன் கேட்கவில்லை.

ஒரு தம்பதியின் அழைப்பு

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது 63. அவர் மனைவி கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு புதன்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் சார் என்னிடம் வந்து, "பாஸ்டர், நாங்க இலங்கைக்கு ஊழியத்துக்குப் போகலாம்னு ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றார்.

மலையகத்தில், நுவரெலியா பக்கம், தேயிலைத் தோட்டத்து லயங்களின் நடுவே ஒரு சிறு சபை. அங்கே ஊழியம் செய்கிற வாலிபப் போதகர் கடிதம் எழுதியிருக்கிறார். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். தாய்மார்களை வீடு வீடாய்ச் சந்திக்க ஒரு சகோதரி வேண்டும். அங்கே இருக்கிற ஜனங்கள் யார்? வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்காக நம் தமிழ் ஜில்லாக்களிலிருந்து கூட்டிப்போகப்பட்டவர்களின் சந்ததி. 1948-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. அதன்படி லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கேயே தங்கியும் நாடற்றவர்களாய் இருந்தவர்களுக்கு 2003-ல்தான் குடியுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது. நம் பாஷை, நம் ரத்தம். ஆனாலும் பாஸ்போர்ட் எடுத்துப் போகவேண்டிய அந்நிய தேசம்.

இதைக் கேட்டவுடன் நான் "அல்லேலூயா" சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? இல்லை. "சார், இந்த வயசுல எதுக்கு அலைச்சல்? மலைக்குளிர் உங்க மூட்டுக்கு ஒத்துக்குமா? இங்கேயே எவ்வளவோ ஊழியம் இருக்கே" என்றேன்.

அக்கறை மாதிரி இருக்கிறது, அல்லவா? ராத்திரி முழங்காலில் நின்றபோது ஆவியானவர் என் உள்ளத்தைத் திறந்து காட்டினார். நான் பகலில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதி, மற்ற நேரத்தில் ஊழியம் செய்கிறவன். சபைக் கணக்கைப் பார்ப்பது அந்த சார்தான். ஓய்வுநாள் பள்ளி அவர் கையில். மாதம் பிறந்தால் இரண்டு பென்ஷனின் தசமபாகம் தவறாமல் வருகிறது. அவர் மூட்டைப் பற்றி நான் கவலைப்படவில்லை, பிரியமானவர்களே. என் காணிக்கைப் பெட்டியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக! மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போய் இதை அப்படியே சொல்லி அறிக்கையிட்டேன்.

சார் கண் கலங்கிவிட்டார். அம்மா காபி டம்ளரை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்கள்: "பாஸ்டர், நீங்களும் சார்கிட்டதான் பேசுறீங்க. சாரும் 'நாம போறோம்'னு சொல்லிட்டாங்க. என்னை யாரும் கேக்கலையே."

வீடு அமைதியாகிவிட்டது. 35 வருஷம் சேர்ந்து வாழ்ந்த கணவர், பத்து வருஷம் மேய்த்த போதகர், இரண்டு பேரும் அந்தத் தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! "உங்களுக்கு அழைப்பு இல்லையாம்மா?" என்றேன். "அழைப்பு இருக்கு. பயமும் இருக்கு. மகளுக்கு இது ரெண்டாவது பிரசவம். பிள்ளையைப் பார்க்காம எப்படிக் கப்பலேறுறது?" என்றார்கள்.

ஆபிரகாம் ஆரானைவிட்டுப் புறப்பட்டபோது வயது 75 (ஆதியாகமம் 12:4). எத்தனை பிரசங்கம் பண்ணியிருப்பேன்! கூடவே புறப்பட்ட சாராய்க்கு 65 என்று ஒரு நாளும் கணக்குப் போட்டதில்லை. ஆக்கில்லாவையும் பிரிஸ்கில்லாளையும் பாருங்கள். ரோமாபுரி, கொரிந்து, எபேசு என்று ஊர் ஊராய்ப் போன தம்பதி. வேதத்தில் ஓரிடத்திலும் ஒருவர் பேர் தனியாக வருவதில்லை. தம்பதியாய்ப் போகிற ஊழியத்துக்கு இரண்டு அழைப்பு வேண்டும். ஒன்றில் மற்றொன்றை அடைத்துக்கொண்டு போகக்கூடாது.

வேதத்தில் ரிட்டயர்மெண்ட் உண்டா?

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்த நாட்களில் எண்ணாகமத்தை வேகமாய்ப் புரட்டிப்போனவன் நான். இந்த நாட்களில் கர்த்தர் 8-ம் அதிகாரத்தின் கடைசியில் என்னை நிறுத்தினார். லேவியருக்கு 50 வயதானால் பணிவிடை ஓய்கிறது. பாரம் சுமக்க வேண்டாம். ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தில் தங்கள் சகோதரரோடேகூடக் காவல் காக்க வேண்டும். கவனியுங்கள், பொறுப்பு வாலிபர் கையில். முதியவர் பக்கத்தில் நின்று உதவி செய்கிறார்.

இது பென்ஷன் வாங்குகிற ஒவ்வொரு தேவபிள்ளைக்கும் உரிய வார்த்தை. நாற்பது வருஷம் ஹெட்மாஸ்டராய் இருந்தவர் ஊழியத்திலும் ஹெட்மாஸ்டராய் இருக்கப் போனால், அந்தச் சபை இரண்டாய்ப் பிளக்கும். மலையகத்தில் இருக்கிற அந்தப் போதகருக்கு வயது முப்பதுக்குள். சார் அவருக்குக் கீழே இருக்க வேண்டும். "முடியுமா சார்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "அதுக்குத்தான் பாஸ்டர் அதிகமா ஜெபம் வேணும்" என்றார். உண்மையான பதில்!

பஸ்ஸில் போன மிஷனெரி

எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி பஸ்ஸில் அரைமணி நேரத்துக்குள். 1706 ஜூலை 9-ம் தேதி அந்தக் கரையில் வந்து இறங்கிய சீகன்பால்குவுக்கு வயது 23. மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719-ல் 36 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தாம் கட்டிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார். 36 வயதுதான்! ஆனாலும் அந்த ஆயுசு எதற்கென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அவர் வாலிபர். கிழவனும் கிழவியும் ஊழியத்துக்குக் கடல் தாண்டிப் போன சரித்திரம் உண்டா?" என்று சாரின் சொந்தக்காரர் ஒருவர் கேட்டார். உண்டு. அதுவும் நம் தமிழ்நாட்டிலிருந்தே.

லெஸ்லி நியூபிகின் ஐயர் 1936-ல் மனைவி ஹெலன் அம்மையாரோடு இந்தியாவுக்கு வந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே பஸ் விபத்தில் கால் முறிந்து, சிகிச்சைக்காகத் தாய்நாட்டுக்கே திரும்ப நேர்ந்தது. குணமானபின் மறுபடியும் வந்தார். காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தார். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை–ராமநாதபுரம் பேராயர் ஆனார். 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயர். அவர் நம் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவரல்ல. ஆனாலும் 1953-ல் வெளிவந்த புத்தகத்தில் கத்தோலிக்கர், புரொட்டஸ்டண்டார் என்ற இரண்டு பிரிவோடு நம்மையும் மூன்றாவதாக வைத்து, பரிசுத்த ஆவியைக் குறித்து நம்மிடம் கற்கவேண்டியது உண்டு என்று மனந்திறந்து எழுதினவர். அந்நாட்களில் மற்றச் சபையார் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்று மூத்த விசுவாசிகளுக்குத் தெரியும்.

1974-ல் அவர் ஓய்வுபெற்றபோது வயது 64. கணவனும் மனைவியும் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை. அவ்வளவுதான் சாமான். சென்னையிலிருந்து பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக ஊர் பஸ்களில் ஏறி இறங்கி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். பஸ்ஸில் கால் முறிந்தவர், திரும்பவும் பஸ்ஸில்தான் போனார்!

வழியில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எங்கேயாவது கிறிஸ்தவர்களோடு சேர்ந்து ஆராதித்தார்கள். ஒரே ஓரிடத்தில்தான் ஆராதிக்க வேறு ஒருவரும் கிடைக்காமல் இருவர் மட்டும் உட்கார்ந்து ஆராதித்தார்கள். அந்த இடம் எது? கப்பத்தோக்கியா. பெந்தெகொஸ்தே நாளிலே அந்நியபாஷையைக் கேட்டு நின்றவர்களில் கப்பத்தோக்கியார் உண்டு (அப்போஸ்தலர் 2:9). பேதுரு நிருபம் எழுதினதும் அவர்களுக்கு. அக்கினி இறங்கின நாளில் இருந்த ஜனத்தின் ஊரில், வயதான ஒரு தம்பதி தனியாய்ப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்! சபையே, விளக்குத்தண்டு இருந்த இடத்தில் என்றைக்கும் இருக்கும் என்று நினையாதே.

இங்கிலாந்தில் பர்மிங்காமில் மிஷனெரிகளாய்ப் போக ஆயத்தப்படுகிறவர்களுக்குப் பாடம் நடத்தினார். இந்தியாவைவிட இங்கே என்ன கஷ்டம் என்று கேட்டவர்களுக்கு, நம்பிக்கை அற்றுப்போனதுதான் என்று சொன்னார். சென்னைச் சேரி ஜனங்களிடம் இருந்த நம்பிக்கையை அந்தச் செல்வ தேசத்தில் அவர் காணவில்லை. 1980-ல், 70 வயதில், வின்சன் கிரீன் என்ற ஏழைப் பகுதியில் ஜெயிலுக்கு எதிரே இருந்த ஒரு சின்னச் சபையின் பொறுப்பை ஏற்றார். மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சபை அது. பேராயராய் இருந்தவர் வீடு வீடாய்க் கதவைத் தட்டினார். 1998-ல் கர்த்தரிடத்தில் சேர்ந்தார்.

ஆயத்தப்படுவது எப்படி?

சாரும் அம்மாவும் இப்போது ஆயத்தப்படுகிறார்கள். மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலாவது, விசா. சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாம் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. வேண்டாம். பொய்யில் தொடங்குகிற ஊழியத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாரோ? அந்த நாட்டுச் சட்டம் எதைக் கேட்கிறதோ அதன்படி விண்ணப்பம் போடுகிறார்கள். தாமதமானால் காத்திருப்பார்கள்.

இரண்டாவது, சரீரம். மருத்துவரிடம் முழுப் பரிசோதனை. விசுவாசம் என்பது மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதல்ல.

மூன்றாவது, பிள்ளைகள். சொத்து விவரம், சாவி, வீட்டு வரி எல்லாம் மகன் கையில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மகளின் பிரசவம் வரை பயணமில்லை. பேரப்பிள்ளையைக் கையில் வாங்கி ஜெபித்தபின் தை மாதத்துக்கு மேல் புறப்பாடு. முதலில் ஆறு மாதம். பிறகு கர்த்தர் வழிநடத்துகிறபடி. இதைச் சொன்னபோது அம்மாவின் முகம் மலர்ந்தது.

நான்காவது, பென்ஷன். உயிரோடிருக்கிறோம் என்று வருஷா வருஷம் அரசாங்கத்துக்குச் சான்று கொடுக்க வேண்டும். அம்மா சிரித்துக்கொண்டே, "கவர்மெண்டுக்கு காட்டுறோம் பாஸ்டர், ஆண்டவருக்கு என்ன காட்டப்போறோம்?" என்றார்கள். அந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு முழு இரவு ஜெபம்.

ஈரம் காயுமுன்னே

நம் காவேரி டெல்டாவின் விவசாயிக்கு ஒன்று தெரியும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்னே, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவான். மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். நெல் அறுத்தபின் பார்த்தால் தாளுக்கு நடுவே பச்சை! ஆற்றில் தண்ணீர் இல்லை. நெல்லுக்கு விட்டதில் மிச்சமிருக்கிற ஈரமும் ராப்பனியும் போதும். ஆனால் அறுப்பு முடியட்டும், களம் ஏறட்டும் என்று காத்திருந்தால் நிலம் வெடித்துப்போகும். அப்புறம் தெளித்தாலும் முளைக்காது.

ஐம்பது வயது விசுவாசியே, உனக்குத்தான் சொல்கிறேன். ரிட்டயர் ஆனபின் ஊழியம் என்கிறாயே, இப்போதே தெளி! அறுபது தாண்டின தகப்பனே, தாயே, உங்களில் இன்னும் ஈரம் இருக்கிறது. 85 வயதில் காலேப் ஓய்வுநாற்காலி கேட்கவில்லை. மலைநாட்டைக் கேட்டான் (யோசுவா 14). போதகர்களே, என்னைப்போல் பெட்டியைப் பார்த்து ஆட்களைப் பிடித்துவைக்காதீர்கள்.

எங்கள் சபையில் கணக்கு எழுத இன்னும் ஆள் கிடைக்கவில்லை. தசமபாகம் குறையும். எனக்குத் தெரியும். கொடுத்தனுப்புகிற சபையைக் கர்த்தர் பட்டினி போடுவதில்லை என்று பிரசங்கித்தவன், இப்போது அதை விசுவாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். எங்களுக்காக ஜெபியுங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்களுக்குத் தந்த ஆயுசுக்காக ஸ்தோத்திரம். இந்த நாட்கள் எதற்கென்று எங்களுக்குத் தெரியப்படுத்தும். போகிறவர்களுக்குத் தாழ்மையையும், அனுப்புகிறவர்களுக்குத் திறந்த கையையும் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்! மாரநாதா!